சுருளி குட்டி போட்ட வைகாசி

இலத்தூரில் குமரகுரு ஆசாரியின் பட்டறைக்கு வழி கேட்டு அலைய வேண்டியதில்லை. மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு மெயின் ரோட்டில் நின்றுகொண்டு, எந்த நாய் முக்கியமான சோலி இருப்பதுபோல ஒரே நோக்காக ஓடுகிறதோ அதன் பின்னால் போனால் போதும். அந்த நேரத்துக்குத்தான் ஆசாரி தூக்குவாளியைத் திறப்பார். முதல் கவளம் தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரு நாய்களுக்கும் தெரியும். தெரிந்தும் பொறுக்காத ஒரே ஆள் அவர் மனைவி வடிவம்மாள்தான். “மனுசனுக்குன்னு பொங்குத சோறு மனுசன் வயித்துக்குல்லா போகணும்” என்பாள். சொல்லிவிட்டு மறுநாளும் ஒரு கை கூடுதலாகவே அள்ளி வைப்பாள்.

ஆசாரிக்கு வயது ஐம்பத்து நான்கு. ஒல்லி உடம்பு, காதில் பென்சில், ஒரு பக்கத்துக் கம்பி உடைந்து நூலால் கட்டிய கண்ணாடி. வேலைக்குப் பஞ்சமே கிடையாது. தென்காசியிலிருந்து கடையம் வரைக்கும் புது வீடு கட்டுகிறவர்கள் ஜன்னலைக் கடையில் வாங்குவார்கள், அறைக் கதவையும் கடையில் வாங்குவார்கள். தலைவாசல் நிலைக்கு மட்டும் இவரிடம் வந்து சொல்லிவிட்டு மூன்று மாதம் காத்திருப்பார்கள். இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, கைரம்பம், ஒரு மூலைமட்டம். அவருடைய சாமான்கள் மொத்தமும் ஒரு சாக்குப் பையில் அடங்கிவிடும்.

கையால்தான் செய்வேன் என்பது அவருக்குக் கொள்கை ஒன்றும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆசை ஆசையாகக் கரண்டில் ஓடும் இழைப்பு மிஷின் ஒன்று வாங்கினவர்தான். அந்தச் சமயம் கடையத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பியபோது, வண்டியில் சாமான் பையோடு ஒரு பெட்டை நாய்க்குட்டியும் வந்து இறங்கியது. செம்மண் நிறம், சுருண்ட வால். மரத்தை இழைக்கும்போது விழுகிற சுருளில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்ததால் சுருளி என்று பெயராயிற்று. மிஷினைப் போட்டதும் சுருளி ஓடியது. இரண்டு நாள் ஓடைப் பாலத்துக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் மிஷின் பரணுக்குப் போயிற்று, சுருளி பட்டறைக்கு வந்தது. போன வருஷம் யூடியூபுக்குப் படம் எடுக்க வந்த இரண்டு பேர், “ஏன் அண்ணாச்சி இன்னும் கையாலேயே செய்யுதீங்க?” என்று பெரிய பதிலை எதிர்பார்த்துக் கேட்டார்கள். “நாய்க்குச் சத்தம் ஆவாது” என்றார். அதை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் போட்டார்கள்.

இப்படி எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்துப் போகிற மனுஷனுக்கு ஒரே ஒரு விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மரம் எப்படி நின்றதோ அப்படித்தான் நிலைக்காலும் நிற்க வேண்டும். வேர் இருந்த தூர்ப்பக்கம் தரையில், நுனிப்பக்கம் மேலே. “நாப்பது வருசம் நிமிர்ந்து நின்ன மரம். அதைத் தலைகீழா நட்டுட்டு, அதுக்குள்ள போய் நாம நிம்மதியாப் படுக்கலாமாக்கும்?” என்பார். முப்பது வருஷத்தில் அவர் வைத்த நிலை ஒன்றுகூடத் தலைகீழாக நின்றதில்லை. பக்கத்து ஊர் ஆசாரி ஒருவர் மாற்றி வைத்துவிட்டதைக் கண்டுபிடித்து, டீக்கடையில் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இப்போது அவருக்கே வெட்கமாக இருக்கிறது.

அடையாளத்துக்கு அவர் வழி இதுதான். அறுத்துவந்த மரத்தின் தூர்முனையில் காவிக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். பிறகு முனை வெடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் சாணி மெழுகிவிடுவார். காவி சாணிக்கு அடியில் மறைந்துபோகும். ஆனால் அதைச் சுரண்டிப் பார்க்கிற தேவை அவருக்கு வந்ததே இல்லை. இழைப்புப் பலகைக்கு மேற்கே சுவரோரமாக அவர் நிற்பார். மரத்தை ஏற்றும்போது தூர் எப்போதும் இடது கைப்பக்கம் வரும். கைக்கே அது பழக்கம்.

அச்சன்புதூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள் இசக்கிச்செல்வி. போலீஸ்காரி, சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் பெண்கள் வரிசைக்கு விசிலோடு நிற்கிறவள். கணவன் முத்துச்செல்வம் ராணுவத்தில், எங்கோ எல்லையில். கட்டடத்துக்கு அவள் ஒருத்திதான் ஓடி ஓடிப் பார்த்தாள். சமையலறை வரவேண்டிய இடத்தில் ஒரு பலா நின்றது. அதை வெட்டச் சொல்ல மனசில்லாமல் வெட்டச் சொல்லி, “இடத்தை விட்டுக் குடுத்த மரம் அண்ணாச்சி. தலைவாசல் நிலை அதுலயே செஞ்சிருங்க” என்றாள். ஆசாரிக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு வருஷம் மரத்தைக் காயவிட்டு, வைகாசி பிறந்ததும் இரண்டு நிலைக்கால்களையும் பலகையில் ஏற்ற நினைத்தார்.

அன்றைக்குக் காலையில் சுருளி குட்டி போட்டது. நான்கு குட்டிகள். போட்ட இடம் பலகைக்கு மேற்கே, சுவரோரச் சுருள் குவியலில், சரியாக ஆசாரி நிற்கிற இடத்தில். கிட்டே போனால் அவரையே பார்த்து உறுமியது. ஆறு வருஷமாகக் கையிலிருந்து சோறு தின்ற நாய் தன்னைப் பார்த்து உறுமுகிறதே என்று அவர் கோபிக்கவில்லை; “நியாயந்தான் தாயி” என்று சொல்லிவிட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பலகைக்குக் கிழக்கே போய்விட்டார். மூன்று வாரம் அங்கே நின்றுதான் இழைத்தார். மரத்தை ஏற்றியபோது கை தன் பழக்கப்படித் தூரை மேற்கிலிருந்து பார்த்தால் இடதாக வரும் பக்கமே வைத்தது. செதுக்கும்போது கண் தன் பழக்கப்படித் தன் இடதுபக்கத்தைத் தூர் என்று எடுத்துக்கொண்டது. ஆளே இடம் மாறி நிற்கிறோம் என்பது புத்தியில் ஏறவே இல்லை. புத்தி எங்கே இருந்தது? கண் திறக்காத நான்கு குட்டிகளில் எது பால் குடிக்கவில்லை என்கிற கணக்கில் இருந்தது.

வைகாசிக் கடைசியில் நிலை வைத்தார்கள். ஐம்பது பேர் கூட்டம், மாவிலை, பூ, நவதானியம், அப்புறம் சாப்பாடு. முத்துச்செல்வத்துக்கு லீவு கிடைக்கவில்லை. இசக்கிச்செல்வி ஒரு கையில் சூடத் தட்டும் மறுகையில் போனுமாக நின்று அவனுக்குக் காட்டினாள். கொத்தனார் ஜெபசிங் நிலையை நிறுத்தி, ரசமட்டம் பார்த்தார்.

ஜெபசிங்கும் குமரகுருவும் இருபத்திரண்டு வருஷமாக ஒரே கட்டடங்களில் வேலை பார்க்கிறவர்கள். ஒருவரை ஒருவர் நையாண்டி பண்ணாமல் ஒரு டீ குடித்ததில்லை. ஜெபசிங்குக்கு நாய் என்றாலே ஆகாது. “உம்ம கூட வந்தா பின்னால ஒரு பட்டாளமே வருதுவே” என்று தள்ளியே நிற்பார்.

நிலை வைத்த பிறகு ஜெபசிங் ஒரு காரியம் செய்தார், அல்லது செய்யவில்லை. வீடு முழுக்கப் பூச்சு வேலை நடந்தது. தலைவாசல் நின்ற முன்சுவரை மட்டும் தொடவே இல்லை. கேட்டால், சாரல் விழுகிறது, பூச்சு காயாது என்றார். சாரல் விழாத நாளில் நல்ல மணல் இல்லை என்றார். ஒருநாள் முட்டு வலி. இசக்கிச்செல்வி ஸ்டேஷனில் திருடனைக் கேட்கிற தோரணையில் அவரைக் கேட்டாள். பக்கத்தில் நின்ற ஆசாரியும் சும்மா இருக்கவில்லை. “கொத்தனாருக்குச் சாரல் மேகம் மதுரையில வந்தாலே போதும்மா, கரண்டியைக் கழுவி வச்சிருவாரு” என்று ஒத்து ஊதினார். ஜெபசிங் தலையைச் சொறிந்துகொண்டே பின்பக்கம் போய்விட்டார்.

ஆனிக் கடைசியில் குட்டிகளுக்குப் பல் முளைத்து, கண்டதையெல்லாம் கடிக்கிற வயசு வந்தது. ஒரு காலையில் மூக்கு கறுத்த குட்டி ஒரு மரத்துண்டை இழுத்துக்கொண்டு வந்து ஆசாரியின் காலடியில் போட்டது. மஞ்சள் மரம், பலா. நிலைக்காலை அளவுக்கு நறுக்கியபோது விழுந்த துண்டு. முனையில் இருந்த சாணியைக் குட்டி முழுக்கக் கடித்துத் துப்பியிருந்தது. அங்கே சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது.

ஆசாரி எப்போதும் கூடுதல் நீளத்தை நுனிப்பக்கத்தில்தான் நறுக்குவார். நறுக்கின துண்டில் காவி இருக்கவே கூடாது. சுருளைக் கிளறி மற்றத் துண்டையும் தேடி எடுத்தார். உளியால் சாணியைச் சுரண்டினார். அதிலும் காவி. பலகைக்கு மேற்கே போய் நின்று இடது கையைப் பார்த்தார். கிழக்கே போய் நின்று இடது கையைப் பார்த்தார். பிறகு சுருள் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விளையாடத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நான்கு குட்டிகளும் மடியில் ஏறின.

அன்றைக்குத் தூக்குவாளிச் சோறு முழுதும் நாய்களுக்கே போயிற்று. வடிவம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள்.

“வேற யாருக்கும் தெரியுமா?”

“மரத்துக்குத் தெரியும்லா.”

“மரம் வாயைத் திறந்து சொல்லப் போகுதாக்கும். நீங்க சொன்னீங்கன்னா நாளைக்கு ஊரே சொல்லும். அதுக்கப்புறம் நிலைக்குன்னு நம்ம வாசல்ல யாரு வந்து நிப்பா?”

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அவருக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தப் பெயர்தான். பேசாமல் இருந்துவிட்டால் அது அப்படியே இருக்கும். ஆனால் எல்லையில் நிற்கிற அந்தப் பிள்ளைக்கு ஒரு சின்னக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால்கூட, உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாவிட்டாலும் தனக்கு அந்த நிலை ஞாபகம் வரும் என்று அவருக்குத் தெரிந்தது. அதோடு எத்தனை வருஷம் இருப்பது?

மறுநாள் காலையில் அச்சன்புதூருக்குப் போனார். ஜெபசிங் மட்டும்தான் இருந்தார், பின்பக்கம் தொட்டிக்குப் பூசிக்கொண்டு. நின்றபடியே ஆசாரி சொல்லி முடித்தார். ஜெபசிங் கரண்டியை நிறுத்தாமலே கேட்டார். பிறகு கையைக் கழுவினார்.

“எப்பத் தெரிஞ்சுது?”

“நேத்து.”

“ஒரு மாசம் ஆச்சாவே உமக்கு?”

ஆசாரிக்குப் புரியவில்லை. ஜெபசிங் அவரைத் தலைவாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த செங்கலைக் கரண்டி முனையால் ஒரு நெம்பு நெம்பினார். செங்கல் கையோடு வந்தது. பின்னாலேயே உலர்ந்த மணல் சரசரவென்று கொட்டியது. இரண்டு பக்கமும் அப்படித்தான். ஒரு பொட்டு சிமெண்ட் இல்லை. சாய்ந்துவிடாமல் இருக்க உள்ளே ஆப்பு வைத்திருந்தார்.

“நிலையைத் தூக்கையில செவத்துப் பக்கம் ஒரு கிளைக்கண்ணு இருந்துச்சு. மேல பாக்க வேண்டிய கிளைத்தடம் கீழ பாத்துக்கிட்டு இருந்துச்சு. இருபத்திரண்டு வருசம் உம்ம தூர்ப் புராணத்தைக் கேட்டவனுக்கு இதுகூடவா தெரியாது?”

“அப்பமே சொல்லியிருக்கலாம்லாவே.”

“அம்பது பேரு முன்னால உம்ம தலையைக் குனிய வைக்கவா? பொறவு சொல்லலாம்னு பாத்தேன். நான் சொல்லி நீரு திருத்துனா அது ஒரு மாதிரி. நீரா வந்து சொல்லுவீருன்னு தோணுச்சு. அதான் பூசாம போட்டிருந்தேன்.”

“நான் வராமலே இருந்திருந்தா?”

“ஆவணி வரைக்கும் பாத்துட்டுப் பூசியிருப்பேன். ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லியிருப்பேன்.”

ஒரு மாசமாக ஏச்சு வாங்கினவர், முட்டு வலி என்று பொய் சொன்னவர், அதெல்லாம் தனக்காக என்று ஒரு சாடைகூடக் காட்டாதவர். மதுரை மேகம் என்று தான் சொன்னது நினைவுக்கு வந்து ஆசாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெபசிங் அதைப் பார்க்காததுபோல மணலைக் கூட்டினார். “ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் வாரேன். ரெண்டு பேருமாத் திருப்பிட்டு அன்னைக்கே பூசிருவோம். ஒருத்தனுக்கும் தெரியாது” என்றார்.

இதைவிட நல்ல வழி யாருக்குக் கிடைக்கும்? ஆனால் ஆசாரி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். விளக்கேற்றிப் பூ வைத்துக் கும்பிட்ட நிலை அது. வீட்டு ஆள் இல்லாமல் அதில் கை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இசக்கிச்செல்வி குற்றாலம் பேரருவியில் டியூட்டியில் இருந்தாள். தனியாகக் கூப்பிட்டு, யார் காதிலும் விழாமல், பையச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆசாரி வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தார். சீசன் அருவிக்கு அது தெரியுமா? இரண்டு நாள் மழையில் தண்ணீர் இரைந்துகொண்டு விழுந்தது. அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. “சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள். இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை அவர் வயிற்றிலிருந்து கத்தினார்.

“உங்க வீட்டு நிலையைத் தலைகீழா வச்சிட்டேம்மா. தூரு மேல இருக்கு. தப்பு என்னோடதுதான்.”

தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற நாற்பது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். “அடப்பாவி மனுசா, குடியிருக்கப்போற வீடுல்லா” என்றாள் ஒருத்தி. இசக்கிச்செல்வி ஒரு விசில் ஊதி வரிசையை நகர்த்திவிட்டு, அவரை ஓரமாக, கொஞ்சம் சத்தம் குறைந்த இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

“ரெண்டு காலுமா?”

“ரெண்டுந்தான். இடது கால் வலதாப் போகணும், வலது கால் இடதா வரணும். அப்பத்தான் தூரு கீழ வரும். பசை போடல, மர முளைதான் அடிச்சிருக்கேன். தட்டுனா கழண்டு வந்துரும். செவத்தை உடைக்க வேண்டாம்.” ஏன் உடைக்க வேண்டாம் என்பதையும் சொன்னார். ஜெபசிங் ஒரு மாசமாகப் பூசாமல் இருந்ததை ஒன்றுவிடாமல் விவரித்தார். சுருளி குட்டி போட்ட இடத்தையும் சொன்னார். சொல்லிவிட்டு, “அதைச் சாக்குன்னு சொல்லலம்மா, நடந்ததைச் சொல்லுதேன்” என்றார்.

இசக்கிச்செல்வி அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏசப்போகிறாள் என்று ஆசாரி தயாராக இருந்தார்.

“அன்னைக்கு அவிய போன்ல பாத்துக்கிட்டு இருந்தாவ அண்ணாச்சி” என்றாள். “நிலையைத் தூக்குத நேரம் பாத்துப் படம் நின்னு போச்சு. திரும்பி வரும்போது எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு. சொந்த வீட்டு நிலையைக்கூடப் பாக்கலையேன்னு ராத்திரி அழுதாவ. நான் அவிய அழுது கேட்டதே இல்ல.” கையால் முகத்தைத் துடைத்தாள். “ஆவணியில லீவுல வாராவ. அதுவரைக்கும் தொடாதீங்க.”

எண்ணெய்த் தலைகள் மூலமாக அன்று சாயங்காலத்துக்குள் செய்தி தென்காசியைத் தாண்டிவிட்டது. வடிவம்மாள் சொன்னபடி ஊரே சொன்னது. டீக்கடையில் பழைய பாக்கியையெல்லாம் தீர்த்துக்கொண்டார்கள். நிலைக்குச் சொல்லிவைத்திருந்த ஒருவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதேபோலச் சொல்லிவைத்திருந்த கடையநல்லூர் ஹம்தான் பாயும் போன் பண்ணினார். இவரும் வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று ஆசாரி நினைத்தார். “எங்க நிலையில தப்பு வந்தாலும் இப்படி வந்து சொல்லிருவீங்கள்லா ஆசாரியாரே? அப்பச் சரி, எப்ப முடியுமோ அப்பச் செய்ங்க” என்றார் பாய்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் முத்துச்செல்வம் தலைவாசலில் நின்றான். வெயிலில் கறுத்து, முடியை ஒட்ட வெட்டி, வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இந்தத் தடவை கூட்டம் இல்லை. அவனும் அவளும், ஆசாரியும் கொத்தனாரும். ஆசாரி முளைகளைத் தட்டிக் கழற்றி, கால்களை மாற்றிச் சேர்த்து, தூர்முனையில் புதிதாகக் காவி வைத்தார். இசக்கிச்செல்வி இரண்டு கையாலும் சூடத் தட்டைப் பிடித்திருந்தாள். நிலையைத் தூக்கும்போது ஒரு பக்கத்தை முத்துச்செல்வம் பிடித்தான். இதற்கு யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஜெபசிங் மட்டம் பார்த்தார். இந்தத் தடவை கலவையை நன்றாக வைத்து அடைத்தார். இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து ஆப்பும் வைத்தாயிற்று. எல்லாரும் கையை எடுத்தார்கள், அவன் மட்டும் எடுக்கவில்லை.

“விடுங்க தம்பி, இனி அதுவே நிக்கும்” என்றார் ஆசாரி.

“தெரியும் அண்ணாச்சி” என்றான் முத்துச்செல்வம். “பன்னெண்டு நாள்ல திரும்பப் போகணும். கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிடுதேன்.”

ஆசாரியும் கிளம்பவில்லை. சாமான்களைப் பையில் போடாமல், பக்கத்தில் ஒரு செங்கலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.